குப்பைத்தொட்டியில் அரபி எழுத்து

ஒத்தக்கடையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், வளைகுடா ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகவிருந்த நர்ஸ் பெண்களுக்கு நான் அரபி சொல்லிக்கொடுத்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எல்லோரும் சிறுவயதிலிருந்து குர்ஆன் ஓதியவர்கள்தான். ஆனால் மேலும் கீழும் உச்சரிப்புக் குறி போடாத அரபியை வாசிக்கத் திணறுவார்கள். அரபிக்காரர் யாராவது சாதாரணமாகப் பேசினால் திருதிருவென்று விழிப்பார்கள். அதற்காகத்தான் ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் ஆஸ்பத்திரிப் பேச்சுகள் பதிந்த சிடியும் வைத்திருந்தேன். காதால் கேட்டுவிட்டு அதே வரிகளைத் திரையில் வாசிக்க வேண்டும்.

மாடியைக் கொடுத்திருந்தவர் கடைக்கார ஹாஜியார். அன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். நான் முடிந்துபோன பாடம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா இது? அரபி எழுத்தைக் கொண்டுபோயி குப்பைத்தொட்டியில போடுறீக!"

திரையின் மூலையில் இருந்த தொட்டிப் படத்தைப் பார்த்துவிட்டார். அரபி அச்சான துண்டுக் காகிதம் தரையில் கிடந்தாலே எடுத்துக் கண்ணில் ஒற்றி உயரத்தில் வைக்கிறவர்கள் நாங்கள்.

"அது வெறும் படம் ஹாஜியார். உள்ள இருந்தது மாத்திரைப் பேருக."

"அரபி அரபிதான். இன்னையோட எல்லாத்தையும் மூடிருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த வாரம் இன்டர்வியூ. அதை நம்பி முதல் வரிசையில் இருந்த பெண் ஒருத்தி ஊரில் பார்த்த வேலையை விட்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"மூடுறதுக்கு முன்னாடி என்ன சொல்லித்தாரேன்னு ஒருவாட்டி கேட்டுட்டுப் போங்க," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்தை ஓடவிட்டேன்.

கனத்த ஆண்குரல் நிறுத்தி நிறுத்திப் பேசியது. ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினார். குரல் நின்றதும் இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவி, துஆ என்கிற பிரார்த்தனை முடிந்தால் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்வோமே, அதுபோல "ஆமீன்" என்றார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். திரும்பி முறைத்தேன்.

"என்ன துஆம்மா இது?"

முதல் வரிசைப் பெண் எழுந்தாள். "துஆ இல்ல ஹாஜியார். டாக்டரு போன்ல பேசுறாரு. உங்க அத்தாவுக்கு ரொம்ப முடியல, உடனே வாங்கன்னு மகன்கிட்டச் சொல்றாரு."

கத்தப்போகிறார் என்று பயந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தம்பி ரியாத்துல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒரு போன் வந்துச்சு. யாரோ பொம்பளை, அரபியில மெதுவாத்தான் சொன்னா. ஒரு வார்த்தை புரியல. நல்லதுதான் சொல்லுதுன்னு நெனச்சு ஒவ்வொண்ணுக்கும் ஆமீன், ஆமீன்னேன். மறுநா அவன்கூட இருந்தவரு தமிழ்ல பேசித்தான் அவன் உசுரு போயி மவுத்தானதே தெரிஞ்சுச்சு." அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். "அதைத்தான சொல்லிருப்பா?"

"இருக்கும் ஹாஜியார்," என்றாள், தரையைப் பார்த்தபடி.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. எழுந்து மாடிப்படி வரைக்கும் போனவர் திரும்பாமலே சொன்னார்.

"நடத்துங்கம்மா. நல்லா நடத்துங்க. எந்தம்பி மவுத்துக்கு நான் ஆமீன் சொல்லிருக்கேன்."