தண்ணீருக்குள் கண்ணாடி

திற்பரப்பு அருவியில் துப்புரவு பார்க்கும் அந்தப் பெரியவர் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். துடைப்பம் இருந்தும் பாறையை உள்ளங்கையால்தான் தடவிப் பார்த்தார். தண்ணீருக்குள் கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாதாம்.

கருங்கல் ஊரில் நண்பன் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் போட்ட வைனை ஒளித்துக் கொண்டுபோயிருந்தோம். குளிக்கும்போது குப்பி என் கையிலிருந்து நழுவி உடைந்தது. சத்தம் கேட்டு அவர் வந்தார்.

"நாங்க இல்ல" என்று முந்திக்கொண்டேன்.

"யாருண்ணு நான் கேக்கல்ல மக்கா. எந்த எடத்துல ஒடஞ்சுதுண்ணு மட்டும் சொல்லு. சின்னப் பிள்ளைய எல்லாம் எறங்கிக் குளிக்கும்."

சொன்னால் மாட்டிக்கொள்வேன். "தெரியாது" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தக் கோடிக்குப் போய்க் குனிந்து தடவத் தொடங்கினார்.

உடைந்தது இந்தக் கோடியில். அவர் கை இங்கே வந்து சேருமுன் நாங்கள் மார்த்தாண்டம் தாண்டியிருந்தோம்.