நாற்பத்தொன்றாம் எண் பெட்டி

நகரத்தின் பெரிய ரயில் நிலையத்தில், பயணிகள் பெட்டிகளை விட்டுச்செல்லும் கிளாக் ரூமுக்கு அவர்தான் குமாஸ்தா. ஆறு வருடமாக அங்கேயே மாட்டிக்கொண்டு கிடக்கிறார்.

குடியிருப்பது எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ் அறை. கட்டிலை நிமிர்த்தினால்தான் கதவு திறக்கும். ஜன்னல் என்று ஒன்று உண்டு; அடுத்த லாட்ஜின் சுவர்தான் அதில் தெரியும். மனைவியும் மகளும் ஒன்பது மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தார்கள். அந்த ஊர் ரயில் தினமும் அவர் கண்ணெதிரிலேயே புறப்படும். வயிற்றெரிச்சலாக இருக்காதா?

மாறுதல் உத்தரவு வராமல் இல்லை, மூன்று தடவை வந்தது. ஆனால் புதிதாக வருகிறவர் பதிவேட்டோடு பெட்டிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பழையவர் கிளம்பலாம். என்றைக்கு எண்ணினாலும் பதிவேட்டை விட அலமாரியில் ஒன்று குறையும். நாற்பத்தொன்றாம் எண் பச்சைத் தகரப் பெட்டியை, ஒரு கூட்ட நாளில், யாரோ தங்களுடையது என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சொந்தக்காரரும் வந்தபாடில்லை. அவர் வந்து கேட்காதவரை அது தொலைந்ததாகவும் ஆகாதாம். இது மாடியில் இருக்கும் அதிகாரியின் விளக்கம். அவருக்கென்ன, சாயங்காலமானால் வீட்டுக்குப் போகிறவர். எண்ண வந்த மூன்று பேரும் வந்த வழியே திரும்பினார்கள்.

நான்காவது உத்தரவு வந்ததும் மனைவி போனில் கண்டிப்பாகச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் வரலைன்னா அங்கயே இருந்துக்குங்க. பொண்ணு உங்களை போட்டோவில பாத்துப் பழகிட்டா."

அன்றே பச்சை பெயிண்ட் வாங்கித் தன் சொந்தத் தகரப் பெட்டிக்கு அடித்தார். மறுநாள் காலையில் கனத்துக்காகத் துணிமணிகளை அடைத்துப் பூட்டி, நாற்பத்தொன்று என்று சீட்டுக் கட்டி, அலமாரியில் ஏற்றினார்.

புதிதாக வந்த பெண் கெட்டிக்காரி. ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டு எண்ணினாள்.

"சரியா இருக்குண்ணே. இந்த ரூமைப் பத்தி என்னென்னமோ சொல்லிப் பயமுறுத்தினாங்க!"

பொறுப்பேற்றுக்கொண்டதாகத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி மாடிக்குப் போனார்.

"ஆர்டர் எங்கய்யா? அதில முத்திரை இல்லாம அந்த ஊர்ல உங்களைச் சேத்துக்க மாட்டாங்க" என்றார் அதிகாரி.

சட்டைப் பையைத் தடவினார். உத்தரவு இருந்தது வேறு சட்டையில். ஊருக்குப் போட்டுக்கொள்ள இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டை அது. கனம் போதவில்லை என்று கடைசியில் அதையும் பெட்டிக்குள் திணித்தது அப்போதுதான் உறைத்தது.

கீழே ஓடி வந்தார்.

"அந்த நாப்பத்தொண்ணை ஒரு நிமிஷம் திறக்கணும்மா."

"ரசீது இருக்காண்ணே?"

அதற்குள் அவசரத்தில் சாவியைக் கையில் எடுத்திருந்தார். அவள் சாவியைப் பார்த்தாள். எண்ணும்போது தன் விரலில் ஒட்டிய பச்சை பெயிண்டையும் பார்த்தாள்.

"அந்தக் கையெழுத்துத் தாளைக் குடுங்கண்ணே" என்றாள் மெதுவாக. "எனக்கும் வீட்டில ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான் இங்க மாட்டிக்க முடியாது."

அவளைக் கோபித்துக்கொள்ளக்கூட அவருக்கு மனம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் அவரும் இதைத்தான் செய்திருப்பார். கொடுத்தார். அவள் தாளை நாலாகக் கிழித்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

போன் அடித்தது.

"ஏறிட்டீங்களா?" என்றாள் மனைவி. எத்தனை காலத்துக்குப் பிறகு அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம்! அவரால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதுவிட்டார்.

அவள் அந்த அழுகையைக் கேட்டாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.