தவம மதி

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் விழுந்த பிள்ளையைப் பாடசாலை வீட்டுக்கு அனுப்பிவிடும். நான் படித்த காலத்திலும் அதுதான் வழக்கம், படிப்பித்த காலத்திலும் அதுதான். பிறகு மாற்றினார்கள். கணிதத்தில் விழுந்தாலும் பரவாயில்லை, வந்து பன்னிரண்டாம் வகுப்பில் உட்காரலாம், ஒரு தொழில் படிக்கலாம், முடிவில் நாடு முழுவதும் செல்லுபடியாகும் தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும் என்றார்கள். நல்ல விஷயம். நல்லது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப் போவது பெரும்பாலும் திட்டுத்தான்.

கண்டியைச் சுற்றியுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு நான் ஆசிரிய ஆலோசகர். புதிதாக எது வந்தாலும் முதலில் எங்களைக் கூப்பிட்டு ஒரு செயலமர்வில் சிங்களத்தில் சொல்லுவார்கள். நாங்கள் அதை ஆசிரியர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கைமாறிக் கைமாறி வருகிற வாளியில் கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சுமோ அதுதான் பிள்ளைக்குக் கிடைக்கும். மேலே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் "நல்ல கருத்து, மிஸ்" என்பார்கள். பிறகு தேநீர் வரும்.

நான் பொறுப்பாக இருந்த ஒரு பாடசாலையில் ஹோட்டல் அறை பராமரிப்பு வகுப்பு தொடங்கினார்கள். அதைப் படிப்பிக்கக் கொடுத்த ஆசிரியர் யாழ்ப்பாணத்து இளைஞர், இந்து நாகரிகப் பட்டதாரி. ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள் என்று பாடசாலை அதிபரைக் கேட்டேன். நேரசூசியில் அவருக்குப் பாடவேளை குறைவாம்.

"மிஸ், நான் என்ர சீவியத்தில ஹோட்டல் கட்டிலில படுத்ததே இல்லை" என்றார் அவர், முதல் நாளே.

"நானும் படுத்ததில்ல சேர். வாங்க, படிப்போம்" என்றேன்.

இருவரும் தொலைபேசியில் படம் பார்த்துப் படித்தோம். விரிப்பின் மூலையை எப்படி மடித்துச் செருகுவது, தலையணை உறையின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், கதவைத் தட்டிவிட்டு என்ன சொல்ல வேண்டும். நோயாளர் அறையில் கிடந்த இரும்புக் கட்டிலை அதிபரிடம் சண்டை போட்டு வாங்கினோம். ஆசிரியர் பிலிமத்தலாவைக்குப் போய் ஒரு மெத்தை வாங்கி, முச்சக்கர வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தார். கட்டிலைப் போட இடம் இல்லை. கடைசியில் பிரார்த்தனை அறையின் ஒரு மூலையில் போட்டோம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகள் மெத்தை விரிக்கப் பழகினார்கள்.

மற்ற வகுப்புப் பிள்ளைகள் அந்த வகுப்புக்கு 'மெத்த வகுப்பு' என்று பெயர் வைத்தார்கள். "என்னடி, இன்னைக்கு எத்தன மெத்த விரிச்ச?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். பிள்ளைகளை விடுங்கள், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் என்னிடமே கேட்டார், இதற்கெல்லாமா ஒரு தகைமை என்று. உங்கள் வீட்டுக் கட்டிலை யார் விரிக்கிறார் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னுடன் பேசவில்லை. நட்டம் இல்லை.

அந்த வகுப்பில் புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று இருந்தது. நகரசபையில் வேலை செய்யும் சித்தப்பாவின் வீட்டில் தங்கிப் படித்தது. கணிதத்தில் இரண்டு தரம் விழுந்த பிள்ளை. எதைக் கேட்டாலும் முதலில் நிலத்தைப் பார்க்கும். ஆனால் விரிப்பை ஒருமுறை உதறினால் அது நேராகப் போய் விழும். மூலை மடிப்பைப் பார்த்தால் கத்தியால் வெட்டியது போலிருக்கும். ஆசிரியரே தன் மடிப்பை அழித்துவிட்டு அந்தப் பிள்ளையின் மடிப்பைப் பார்த்துச் செய்வார். முதல் கட்டச் சோதனை முடிந்தால் கண்டியில் ஒரு ஹோட்டலுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாகப் பேச்சு. அதுவரை அந்தப் பிள்ளைக்கு யாரும் எதையும் தருவதாகச் சொன்னதில்லை.

இந்தத் தகைமையில் புள்ளி கிடையாது. ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்றைச் சொல்லுவார்: தேர்ச்சி பெற்றவர், அல்லது இன்னும் தேர்ச்சி பெறாதவர். பெறாவிட்டால் குறைந்த பகுதியை மட்டும் திரும்பவும் செய்து காட்டலாம். விழுந்தவர் என்று ஒருவரும் இல்லை. இதன் உயிரே அந்த 'இன்னும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. எங்களுக்கு வந்த வழிகாட்டியின் தமிழ்ப் பிரதியில் 'தேர்ச்சியற்றவர்' என்று அச்சடித்திருந்தது. மொழிபெயர்த்த புண்ணியவான் 'இன்னும்' என்பதைத் தின்றுவிட்டார். செயலமர்வில் எல்லா ஆசிரியர்களையும் அதைப் பேனாவால் வெட்டி 'இன்னும் தேர்ச்சி பெறாதவர்' என்று எழுதவைத்தேன். யாழ்ப்பாணத்து ஆசிரியர் அன்று வரவில்லை. விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்ட ஆள் இல்லை என்று அதிபர் மறித்துவிட்டார்.

சோதனை நாளன்று நான் வேறு பாடசாலையில் நின்றேன். அந்த வாரக் கடைசியில் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

"மிஸ், அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரேல்ல. ஊருக்குப் போட்டுதாம். கொழும்பில உடுப்புக் கடை ஒண்டுக்கு வேலைக்கு அனுப்பப் போயினமாம். திங்கக்கிழமை பஸ்."

"ஏன்?"

"சோதினையில ஃபெயில் மிஸ்."

"யாரு சொன்ன ஃபெயில்ண்டு? இதுல ஃபெயில் எண்டு ஒண்டு இல்ல சேர்!"

நடந்ததை அவரிடமிருந்து கறந்து எடுத்தேன். முதலில் போனது அந்தப் பிள்ளை. கதவைத் தட்டியது, சொல்ல வேண்டியதைச் சொன்னது, பிறகு சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு வெறுங்காலுடன் உள்ளே போனது. கட்டிலை அழகாக விரித்தது. மதிப்பீட்டாளராக வந்த சிங்கள அம்மா சிரித்துக்கொண்டு "தவம மதி" என்றார். மற்றப் பிள்ளைகளிடம் சப்பாத்தைக் காட்டிக் கழற்றவேண்டாம் என்று சைகை செய்தார். அவர்கள் எல்லோரும் சப்பாத்துடன் போனார்கள், தேர்ச்சி பெற்றார்கள்.

"அந்தப் பிள்ளை என்னைக் கேட்டது மிஸ், அம்மா என்ன சொல்லுறா எண்டு. மதி எண்டால் போதாது எண்டு எனக்குத் தெரியும். போதாதாம் எண்டு சொன்னன். ஃபெயிலா சேர் எண்டு கேட்டது. ஓம் போல எண்டன். புத்தகத்திலயும் தேர்ச்சியற்றவர் எண்டுதானே கிடக்கு."

"தவம எண்டா?"

"அது ஏதோ மரியாதைச் சொல்லாக்கும் எண்டு நினைச்சன் மிஸ். தவம் எண்டது நல்ல தமிழ்ச் சொல்லுத்தானே."

சிங்களத்தில் 'தவம' என்றால் இன்னும். 'தவம மதி' என்றால் இன்னும் போதாது. அந்த அம்மா தன் மொழியில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அச்சில் தின்ற அதே சொல்லை வாயிலும் தின்றாயிற்று. ஆசிரியரைத் திட்ட எனக்கு வாய் வந்தது. ஆனால் சிங்களம் தெரியாதவரைச் சிங்கள மதிப்பீட்டாளருக்கு மொழிபெயர்க்க நிறுத்தியது யார்? தமிழ் வகுப்புக்குத் தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்ப முடியாது என்றது யார்? திட்ட வேண்டியவர்கள் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். எடுப்பவரைத் திட்டிப் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரும் நானும் புசல்லாவைக்குப் பஸ் ஏறினோம். மடவளையில் வீட்டிலிருந்து நான் புறப்படும்போது கணவரின் முணுமுணுப்பு: "லீவு நாளையிலயும் என்னத்துக்கு ஒங்களுக்கு இந்த அலைச்சல்?" குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

தோட்டத்து லய வீட்டு வாசலில் பிள்ளையின் தாய் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு கதிரையைத் துடைத்து வைத்தார். மற்றக் கதிரையைப் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தார். உள்ளே கதவோரம் ஒரு பயணப் பை கட்டித் தயாராக இருந்தது. பிள்ளை அதன் பக்கத்தில் நின்றது.

நான் சுற்றி வளைக்கவில்லை. "மகள், நீங்க ஃபெயில் இல்ல. அந்த அம்மா சொன்ன, இன்னும் கொஞ்சம் காணாதுண்டு. அவ்வளவுதான்."

பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி சொன்னது: "எனக்கு 'தவம'ன்னு கேட்டிச்சு டீச்சர். சரியாக் கேட்டிச்சான்னுதான் சேரக் கேட்டேன், அவரு போதாதுன்னாரு. சேருக்குத் தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்."

ஆசிரியர் கதிரையில் குனிந்தார். "எனக்குத் தெரியாது பிள்ளை. உண்மையா எனக்குத் தெரியாது" என்றார்.

"என்னா கொறைஞ்சிச்சு டீச்சர்?"

"சப்பாத்து."

"ஆளு தூங்குற எடத்துல சப்பாத்தோட எப்புடிப் போறது?"

ஹோட்டல் அறையில் யாராவது கிளாஸ் உடைத்திருப்பார்கள், குளியலறை கழுவும் மருந்து காலில் பட்டால் தோல் போகும், அதனால் அங்கே சப்பாத்தைக் கழற்றக் கூடாது என்று விளக்கினேன்.

"அத மொதல்லயே சொல்லியிருந்தா போட்டுக்கிட்டுப் போயிருப்பேனே" என்றது பிள்ளை. பிரார்த்தனை அறையில் பழக்கினோம். எல்லோரும் கழற்றினார்கள், நாங்களும் கழற்றினோம். சப்பாத்தைப் பற்றி வழிகாட்டியில் ஒரு வரி இருந்திருக்கும். யாருக்கும் கண்ணில் படவில்லை.

வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன். பெரிய மருந்தொன்றைக் கொண்டுவந்து கொடுத்த எண்ணம் எனக்கு. தாய் துணியை வாளியிலே போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இந்த 'இன்னும்'ங்கிற வார்த்தைய எங்ககிட்ட கொண்டு வராதீங்க. வீடு கட்டித் தாரம்னாங்க. கேட்டா இன்னும் பேரு வரலம்பாங்க. பைப்பு போட்டுத் தாரம்னாங்க. அளந்துட்டுப் போனாங்க, இன்னும் வரல. சம்பளத்துக்கு இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க. ஃபெயிலுன்னா ஃபெயிலுன்னு சொல்லிருங்க, நாங்க வேற வேலையப் பாப்போம். இன்னும்னு சொல்லித்தான் எங்கள உக்கார வச்சிருக்காங்க."

பேனாவால் எத்தனை வழிகாட்டிகளில் அந்தச் சொல்லை எழுதவைத்தேன்! அது இந்த வாசலில் எப்படிக் கேட்கும் என்று ஒருமுறையாவது யோசித்தேனா? எங்களுக்கு அது நம்பிக்கை தரும் சொல். இவர்களை ஏமாற்ற எல்லோரும் பாவித்த சொல்லும் அதுதான்.

"எப்பன்னு சொல்லுங்க" என்றார் தாய். "தேதியச் சொல்லுங்க. தேதி இருந்தா புள்ளைய நிப்பாட்டுறேன். இல்லாட்டி நாளைக்கி பஸ்ஸுல ஏத்திருவேன்."

என்னிடம் தேதி இல்லை. திரும்பவும் மதிப்பிடலாம் என்று வழிகாட்டி சொல்கிறது, எப்போது என்று சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கும் தோன்றியிருக்கவில்லை. அங்கேயே நின்று மதிப்பீட்டாளர் அம்மாவின் எண்ணை ஒருவரிடம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அழைத்தேன். சிங்களத்தில் பேசினேன். தாயும் பிள்ளையும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு என்னைவிட நன்றாகவே விளங்கியது.

"அனே, பாவம், அந்தப் பிள்ளையா?" என்றார் அந்த அம்மா. "கட்டில் வேலையில் அதுதானே முதலாவது. சப்பாத்து மட்டும்தான். திரும்பவும் பார்க்கிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டுத்தானே வந்தேன்?"

அது ஆசிரியருக்கு விளங்கவில்லை என்றேன். அந்த அம்மா அதிர்ந்து போனார். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால்தான் திகதி போடலாம் என்று தயங்கினார். கடிதம் வருமுன் பிள்ளை கொழும்பில் துணி மடித்துக்கொண்டிருக்கும் என்று சொன்னேன், இதைவிடக் கொஞ்சம் கடுமையாக. கடைசியில் வழி கிடைத்தது. வருகிற புதன்கிழமை அவர் கட்டுகஸ்தோட்டையில் வேறொரு பாடசாலைக்கு வருகிறார். இரண்டு அதிபர்களும் சம்மதித்தால் அந்த ஒரு பகுதியை அங்கே பார்ப்பார்.

"புதன்கிழமை" என்று தாயிடம் சொன்னேன்.

"கேட்டுச்சு" என்றார் அவர். பையைப் பிரிக்கச் சொல்லவில்லை. அது கதவோரத்திலேயே இருந்தது. "புதன்கெழம நானும் வருவேன்."

இரண்டு அதிபர்களிடமும் சம்மதம் வாங்க நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தக் கட்டுரை கெட்ட வார்த்தையாகிவிடும். வாங்கினேன்.

புதன்கிழமை தாய் நல்ல சேலையில் வந்திருந்தார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மதிப்பீட்டாளர் அம்மா ஆசிரியரைத் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். தான் சொல்வதை ஒவ்வொரு சொல்லாகப் பிள்ளையிடம் சொல்லச் சொன்னார். விளங்காத சொல்லுக்கு ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார், வெட்கப்படாமல். பிள்ளை கதவைத் தட்டியது. வாசலில் ஒரு கணம் கால் நின்றது. பிறகு சப்பாத்துடனே உள்ளே போனது.

"சாமி" என்றார் தாய் மெதுவாக, யன்னலுக்கு வெளியே நின்றபடி. "மெத்தைகிட்ட சப்பாத்தோட நிக்கிது பாருங்க."

"பேசாம இருங்க" என்றேன்.

கட்டில் விரித்து முடிந்தது. அந்த அம்மா மூலைகளைப் பார்த்தார், குனிந்து கட்டிலின் கீழே பார்த்தார், பிறகு தாளில் எழுதினார். "ஹரி" என்றார். சரி. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

தாய் மதிலோரம் போய்த் தொலைபேசியை எடுத்து, கொழும்புக் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மனிதரை அழைத்தார். பாதையில் போகிறவர்களுக்கும் கேட்கும் சத்தத்தில் பேசினார்.

"அண்ணே, புள்ள வராது. ... இல்லண்ணே, தீவாளிக்குப் பொறகும் வராது. ஹோட்டலுக்குப் படிக்கப் போவுது. ... ஆமா, சோதனையில பாஸு."

இதில் பாஸ் என்று ஒன்று இல்லை என்று எத்தனை செயலமர்வுகளில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஆசிரியர் என்னைப் பார்த்தார், திருத்துவேனோ என்று.

"விடுங்க சேர்" என்றேன். "பாஸ்தான்."