சேற்றிலிருந்து வானத்துக்கு

கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். நான் தனியாகக் கழுவெளிச் சதுப்பு நிலத்துப் பக்கம் பறவை பார்க்கப் போவது அவனுக்குப் பிடிக்காது.

"போவாதன்னா கேக்க மாட்ட. இதையாவது கழுத்துல மாட்டிக்கக்கா. ஆபத்துன்னா இந்தக் கம்பிய இழுத்து பட்டன அழுத்து. நீ இருக்கற எடம் சாட்டிலைட் வழியா மீட்பு ஆபீசுக்குப் போயிடும்."

முறைப்படி பதிவு செய்து, தொடர்புக்கு என் கணவரின் எண்ணைக் கொடுத்தான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பின்னால் உப்பளம், முன்னால் கடல். இதில் எங்கே தொலைந்துபோவது?

தை மாதக் காலை ஒன்றில் பூநாரைக் கூட்டத்தைத் தேடி, உப்பளத்தின் கடைசி வரப்பையும் தாண்டி நடந்தேன். தரை வெள்ளையாக, காய்ந்த மாதிரி இருந்தது. திடீரென்று மேல்பொருக்கு உடைந்தது. ஒரு காலைத் தூக்கப் பார்த்தால் மறு கால் இறங்கியது. சற்று நேரத்தில் தொடைவரை சேறு. கையிலிருந்த போன் நழுவி உள்ளே போய்விட்டது. கத்தினேன். காற்று கடல் பக்கமிருந்து உப்பளத்தை நோக்கித்தான் வீசிக்கொண்டிருந்தது. ஆனாலும் எந்தக் குரலும் திரும்ப வரவில்லை. கழிமுகம் வழியாக ஏறிய தண்ணீர் என்னைச் சுற்றி மெல்லப் பரவத் தொடங்கியது.

கம்பியை இழுத்து பட்டனை அழுத்தினேன். ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு மின்னியது. அவ்வளவுதான். யாராவது கேட்டார்களா இல்லையா என்று அது சொல்லாது. அதை நெஞ்சுக்கு மேலே பிடித்தபடி வெறும் நீல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அசைந்தால் இறங்கும் என்பதால் அசையாமல் நின்றேன். அப்போதுதான் என் கத்தலில் பறந்துபோன பூநாரைகள் திரும்பி வந்தன. என்னை முளைக்கம்பு என்று நினைத்தனவோ என்னவோ, மிக அருகில் வந்து தலைகீழாக அலகை நீரில் அளைந்தன. அவை நீரைச் சலிக்கும் சத்தம்கூடக் கேட்டது. பயம் போகவில்லை. ஆனால் பயத்தின் நடுவிலேயே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது அவை மொத்தமாக எழும்பின. வரப்பில் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"ஏம்மா, ஆடாதீங்க! அப்படியே நில்லுங்க!"

உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும். சேற்றின்மேல் பலகைகளைப் போட்டு, படுத்தபடி நகர்ந்து வந்தார்கள். அந்தப் பெண் என் அக்குளில் கைகொடுத்து, "என்மேல சாஞ்சுக்கோங்க, காலு தானா வரும்" என்றாள். வந்தது.

"நான் இங்க இருக்கேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க வூட்டுக்காரரு எங்க ஓனருக்குப் போன் பண்ணாருங்க. அவருக்கு எங்கியோ ஆபீசுலருந்து சொன்னாங்களாம். சரியா இந்த இடத்தத்தான் சொன்னாங்க."

சற்று நேரத்தில் ஒருவருடைய போனில் அந்த அலுவலகமே பேசியது. வேறு மாநிலத்திலிருந்து, கொஞ்சம் கன்னடம் கலந்த தமிழ்.

"சேஃபா இருக்கீங்களா மேடம்? அப்ப அத ஆஃப் பண்ணிடுங்க. இன்னும் நீங்க கூப்புடுற மாதிரியே வருது."

ஒரு வரப்பு தூரம் எட்டாத என் குரல் வானத்துக்குப் போய், நான் பார்த்திராத ஒருவர் மேசையில் இறங்கி, இந்த மூன்று பேரின் கைகளாகத் திரும்பி வந்திருந்தது. விளக்கை அணைத்தேன்.

இப்போதும் போகிறேன். கடைசி வரப்பிலேயே நின்றுகொள்கிறேன்.