கோரைக் குழியும் சாயக்காரரும்

ஆரணி மிஷன் மருந்தகத்தில் மருந்து கலக்கும் வேலை எனக்கு. தோட்டத்தில் அலசு நீர் தேங்கும் குழியில் கோரை நட்டு, காய்ந்த தண்டுகளை அவ்வப்போது அறுத்து வளர்த்தேன். ஒரு மாதத்தில் திடீரென்று அது அடியோடு கருகியது. பக்கத்து வீட்டுப் பட்டுச் சாயக்காரரை நோயாளிகள் முன்னால் நிறுத்தி, "உங்க சாயத் தண்ணிதான் இதைக் கொன்னுடுச்சு" என்றேன்.

அவருக்கு முழங்கைவரை சிவந்த கைகள். எந்தத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே சாயம் கரைப்பார். அன்று திரும்பிப் போனவர், கூட்டம் கலைந்ததும் வந்து குழி நீரைத் தொட்டு நக்கித் துப்பினார்.

"சுண்ணாம்புங்கம்மா. இது பட்டா பட்டு நூலே பூடும், நாங்க கிட்டவே சேக்க மாட்டோம்."

அந்த மாதம் கட்டுத்துணிகளைச் சுண்ணாம்பு நீரில் அலசி அங்கே ஊற்றியது நான்தான்.

"தெருவே என்னைப் பேசிகினு கீதுங்க. நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்கம்மா."

சரியென்று தலையசைத்தேன். சுண்ணாம்பு நீரை அங்கே ஊற்றுவதை நிறுத்தினேன்; கோரை மறுபடி தளிர்த்துவிட்டது. நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.