இடது ஓரத்து ஆட்டக்காரர்

சுங்கை பினாங்கில் எங்கள் குடும்பத்துக்கு ஒரே சந்தில் இரண்டு வீடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாக்கடை. அதைத் தாண்டி மீன்குழம்பு போகும், கல்யாணப் பத்திரிகை போகும், நான் போவேன். என் தாத்தா மட்டும் போகமாட்டார். அந்தப் பக்கத்து வீட்டில் இருந்தவர் அவருடைய சொந்த அண்ணன், எங்களுக்குப் பெரிய தாத்தா.

பெரிய தாத்தா லேசுப்பட்டவர் அல்ல. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே, துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்துகொண்டே மலாயாவின் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர். வெள்ளைக்காரத் துரைகள் மட்டுமே பார்த்துவந்த வேலை அது. நம் ஆட்களில் அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள் அவர்தான். பூட்ஸ் வாங்க வழியில்லாத பையன்களைக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடவிட்டுத் தேற்றி, வெளிநாட்டில் ஆடக் கப்பலேற்றிக் கூட்டிப்போனார். அந்தக் குழுவின் படம் அவர் வீட்டுச் சுவரில் இருந்தது. அதில் என் தாத்தா இல்லை.

இடது ஓரத்தில் நின்று ஆடுவதில் தாத்தாவை மிஞ்ச அந்தக் காலத்துப் பினாங்கில் ஆளே கிடையாதாம். ஆனாலும் அண்ணன் அவரைக் குழுவில் சேர்க்கவில்லை. கப்பல் புறப்பட்ட நாளோடு பேச்சு நின்றது. ஜப்பான்காரன் வந்தான், போனான். வெள்ளைக்காரனும் மூட்டை கட்டினான். நாடு சுதந்திரம் வாங்கியது. இவர்கள் இருவருக்கும் அதெல்லாம் பேச்சைத் தொடங்கப் போதுமான காரணமாகத் தெரியவில்லை.

தாத்தாவின் சொத்தாக எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய இடதுகால்தான். எனக்குப் பதினோரு வயதானபோது, கடலுக்கு அந்தப் பக்கத்துப் பாகான் டாலாம் பிள்ளைகளோடு எங்கள் சந்துப் பிள்ளைகள் பந்தாட்டத்தில் மோதுவதாகப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். குழுவைத் தேர்ந்தெடுக்கப் பெரிய தாத்தாவை விட்டால் வேறு யார்? எங்களை நாக்குத் தள்ள ஓடவிட்டார். என் கணுக்காலை மட்டும் தன் கையாலேயே பிடித்துத் திருப்பி, பந்தை எங்கே வாங்க வேண்டும் என்று காட்டினார். "இந்தக் காலு எனக்கு நல்லாத் தெரியும்," என்றார். அப்புறம் சந்தேகம் எதற்கு? இடது ஓரம் நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

ஆடப்போகிறவர்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சாயங்காலம், என் பெயரைக் கூப்பிடவே இல்லை.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். தாத்தா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்தார். சட்டைகூடப் போடவில்லை. விறுவிறுவென்று நடந்து சாக்கடையைத் தாண்டினார். அம்மா கரண்டியும் கையுமாக வாசலில் நின்றுவிட்டாள். சந்தில் இருந்த எல்லா ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. நான் பின்னாலேயே ஓடினேன்.

"என்னைய விட்டீங்க, சரி. இந்தப் புள்ளையையுமா?" என்றார் தாத்தா.

பெரிய தாத்தா கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி பேரனப் போட்டுட்டான்னு ஊரு பேசும் லா. அப்பவும் அதே பயந்தான்டா. மொத மொதல்ல நம்ம ஆளுக்குக் குடுத்த வேல. சொந்தக்காரனுக்கு எடம் குடுத்துட்டான்னு ஒருத்தன் சொல்லிட்டா போதும், அடுத்து எவனுக்கும் குடுக்க மாட்டானுங்க."

"ஊரு பேசும்னு பயந்தீங்க. நான் பேசாம இருந்தேனே, அதுக்குப் பயப்படவே இல்லையாண்ணே?"

பெரிய தாத்தா நாற்காலியைத் தம்பி பக்கம் நகர்த்திப் போட்டார். யாரோ கோப்பி கொண்டுவந்து வைத்தார்கள். இனி என் விஷயம் வரும் என்று நான் வாசலில் காத்து நின்றேன். வரவே இல்லை. எப்போதோ செத்துப்போன ஒரு கோல்கீப்பரைப் பற்றி இருவரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, என் எடம்?" என்று கேட்டேன்.

"என்ன எடம்?" என்றார் தாத்தா. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒருவழியாக, ஓரத்தில் உட்காரும் மாற்று ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பாகான் டாலாம் போக ஃபெரியில் ஏறினோம். இரண்டு தாத்தாக்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "எங்கண்ணன் இன்னிக்குத்தான் என்னையக் கப்பல்ல ஏத்தியிருக்காரு," என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் தாத்தா சொல்லிச் சிரித்தார். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன்.

இரண்டாவது பாதி பாதிக்குமேல் போய்விட்டது. நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். பெரிய தாத்தா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஆனால் கேள்வி என்னிடம் இல்லை, தாத்தாவிடம்.

"எறக்கட்டுமா?"

தாத்தா வலிக்கிற முட்டியை மடக்கி என் முன்னால் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். முடிச்சு விழவில்லை. பெரிய தாத்தாவும் பக்கத்தில் குனிந்து கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பல்லாம் ஆட்டத்துக்கு நடுவுல ஆளு மாத்த முடியாதுடா," என்றார் அண்ணன். "ஒருக்கா விட்டுட்டா விட்டதுதான்."

தம்பி தலையை மட்டும் ஆட்டினார். கயிற்றில் ஒரு சொட்டு விழுந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

அங்கே ஆட்டம் போய்க்கொண்டிருக்கிறது. இங்கே இரண்டு கிழவர்களும் பழைய சட்டதிட்டம் பேசிக்கொண்டு, ஒரு பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தெரியாமல் என் நேரத்தைத் தின்கிறார்களே என்று எனக்கு அப்படி ஒரு எரிச்சல். "சீக்கிரம் கட்டுங்க தாத்தா!" என்று கத்தினேன்.