அழுகைக் கோச்சியில் வந்தவர்

வேதாச்சலம் திருப்பதியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். சென்னை விமான நிலையத்தில் இறங்கும் இலங்கைப் பயணிகளைப் புத்தூர் வழியாகத் திருமலைக்கு ஏற்றி வருவார். அவர் பிறந்ததும் இலங்கையில்தான் என்பது அந்தப் பயணிகளில் ஒருவருக்கும் தெரியாது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி, ஒன்பது வயதில் அப்பா வீராசாமியோடு கப்பலேறி வந்து சேர்ந்தார். குடியேறிய ஊரான வெதுருகுப்பத்துப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் "சிலோன், சிலோன்" என்று கேலி செய்ததில் இலங்கையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். மனைவி யமுனாவுக்கே கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் விஷயம் தெரியும்.

கிரிக்கெட் மட்டும் அவரை விடவில்லை. தொண்ணூற்றாறு உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவின் விக்கெட்டுகள் மளமளவென்று சரிய, கல்கத்தா கூட்டம் பாட்டில் வீச, ஆட்டம் நின்று இலங்கைக்கே வெற்றி என்றானது. டீக்கடை டிவிக்கு முன்னால் எல்லாரும் திட்டியபோது வேதாச்சலமும் சேர்ந்து திட்டினார். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை யாரிடம் சொல்வது?

சொல்லத் தகுந்த ஆள் வந்து சேரப் பல வருஷமாயிற்று. ரத்னபால சிங்களவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏழுமலையான்மேல் அப்படியொரு பக்தி. வருஷா வருஷம் மனைவி சுமனாவதியோடு வருவார், வேதாச்சலத்தின் கார்தான் வேண்டும் என்பார். மலைநாட்டு ஸ்டேஷன்களில் வேலை பார்த்ததால் தமிழ் தட்டுத் தடுமாறி வரும். வழியெல்லாம் கிரிக்கெட்தான். மும்பை இறுதி ஆட்டத்தில் இலங்கை தோற்றது அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஒரு வருஷம் மலைப்பாதையில் ஏறும்போது கணவனும் மனைவியும் சிங்களத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். டிரைவருக்குப் புரியாது என்ற நினைப்பு. சின்ன வயதில் கேட்டுப் பழகிய சிங்களம் வேதாச்சலத்துக்குப் புரிந்தது. ரத்னபால, தான் அட்டனில் இளம் கிளார்க்காக இருந்த காலத்தைச் சொன்னார். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் போகும். அதைத் தமிழர்கள் அழுகைக் கோச்சி என்பார்களாம். ஒருநாள் ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ரயிலோடு ஓடினாள். உள்ளே இருந்த பையன் அவள் கையை விடவில்லை. சக்கரத்தில் விழுந்துவிடுவாளே என்று இவர் ஓடிப்போய் அவளை இழுத்துப் பிடித்தார். அவள் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது என்றார்.

வேதாச்சலம் காரின் வேகத்தைக் குறைத்தார். அவருடைய அக்கா செல்லியம்மாவும் அப்படித்தான் ஓடினாள். அவளைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்ததால் அவள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. யாரோ ஒருவர் அவளைப் பின்னுக்கு இழுத்தது மட்டும் அவருக்கு ஞாபகம். அங்கே தமிழர்மீது நடந்த எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு அவளிடமிருந்து கடிதமே இல்லை. எத்தனையோ ரயில் போயிருக்கும், எத்தனையோ பெண்கள் ஓடியிருப்பார்கள். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை. இத்தனை வருஷம் புரியாதவர்போல் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டு இப்போது எப்படி வாய் திறப்பது? "நாளைக்கு மேட்ச் எத்தன மணிக்கு சார்?" என்றுதான் வந்தது.

அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிப்போட்டார். அதற்குள் கொரோனா வந்தது. அதிலேயே ரத்னபால போய்விட்டார். பிறகு அந்த நாட்டில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். எல்லாம் கொஞ்சம் அடங்கி, போன வருஷம் சுமனாவதி தனியாக வந்தார்.

புத்தூர் தாண்டியதும் வேதாச்சலம் காரை ஓரமாக நிறுத்தினார். "மமத் ஏ கோச்சியே ஹிட்டியா," என்றார். நானும் அந்த ரயிலில் இருந்தேன் என்று அர்த்தம். ஒன்பது வயதில் நின்றுபோன சிங்களம், அதற்குமேல் ஓடவில்லை. மீதியைத் தமிழில் சொன்னார்.

"அவர் இருக்கிறபோது ஏன் சொல்லவில்லை?" என்று சுமனாவதி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"ஒட்டுக்கேட்டுக்கினு வந்தான்னு நெனச்சிடுவாரோன்னு பயந்துக்கினு இருந்துட்டேம்மா."

"அந்தப் பெண் பிறகும் ஸ்டேஷனுக்கு வந்தாளாம், கோச்சி எந்த ஊருக்குப் போனது என்று கேட்க. அவள் பேர்கூட அவருக்குத் தெரியும். என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் ஞாபகம் இல்லை."

வேதாச்சலம் அக்காவின் பெயரைச் சொன்னார். சுமனாவதி அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். இருக்கலாம் என்றார். பிறகு, இல்லை என்றும் சொல்லத் தெரியவில்லை என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

ஊர் திரும்பியதும் சுமனாவதி தன் மகனை அட்டன் தோட்டத்துக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னார். சில மாதம் கழித்து அந்த மகன் வேதாச்சலத்துக்குப் போன் செய்தார். அந்த லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் கலவரத்தின்போதே வவுனியாப் பக்கம் போய்விட்டார்களாம். அதற்குமேல் சொல்ல ஆளில்லை. பழைய ஆட்களை அப்பாவுக்குத்தான் தெரியும் என்றார்.

வேதாச்சலம் யமுனாவிடம் வந்து சொன்னார். முன்பே கேட்டிருக்கலாமே என்று அவள் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இப்போதெல்லாம் இலங்கைக்காரர்கள் காரில் ஏறினால், தான் அட்டனில் பிறந்தவன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். வவுனியாக்காரர்கள் என்றால் அக்காவின் பெயரையும் சொல்லிக் கேட்கிறார். இதுவரை ஒருவருக்கும் தெரியவில்லை.